பாலாலயம் பண்ணாமல் பாறையைத் தொட்டேன்

போன வருடம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் இருக்கும் உப்புத்தண்ணீர் மீன் தொட்டியின் பாறைகளை மாற்றி அடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். முடித்தது செப்டம்பரில். இடையில் ஏழு மீன்களில் நான்கு போயின, இரண்டு கிளீனர் இறாலும் போயின. மீனும் இறாலும் மட்டும் பத்தாயிரம் ரூபாய். அப்புறம் மிச்சத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வாங்கிய உப்பு, கண்டிஷனர், டெஸ்ட் கிட், இதர சாமான்கள் சேர்ந்து இன்னொரு ஆறாயிரம். அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். கோல்ட் ஃபிஷ், ஃபைட்டர் பற்றி வேண்டிய மட்டும் இருக்கிறது. உப்புத்தண்ணீர் தொட்டியில் பாறையைக் கலைத்தால் என்ன ஆகும் என்று என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மயிலாடுதுறையில் செல்போன் ரிப்பேர் கடை. தொட்டிக்கு அப்போது மூன்று வயது. நான்கடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கணக்குப்படி 255 லிட்டர். மணலும் பாறையும் அடைத்துக்கொண்டது போக நிஜத் தண்ணீர் 200 லிட்டர் இருக்கும். பாறை என்றதும் பவளப்பாறை என்று நினைத்துவிட வேண்டாம். மன்னார் வளைகுடாவில் எடுத்தது, அசல் சரக்கு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 2001லிருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. என்னுடையது சென்னை கொளத்தூரில் வாங்கிய செராமிக் பாறை, 35 கிலோ, உடைத்துப் பார்த்தால் ஆப்பம் மாதிரி உள்ளே ஒரே துளை. அந்தத் துளைகளில்தான் பாக்டீரியா குடியேறி, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்குக்கூடப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பாறையை எடுக்கும்போது ஹாலில் சோபாவை நகர்த்துவது மாதிரிதான் எடுத்தேன்.

கலைக்கத் தோன்றியதற்குக் காரணம் ஒரு டாம்செல். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத நீல மீன். பாறைகளைப் பின்கண்ணாடியோடு ஒட்டிச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தேன், நடுவில் இருந்த ஒரே நல்ல பொந்தை அது தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. புதிதாக விட்ட கோரல் பியூட்டி என்ற மீனை ஹீட்டர் மூலையை விட்டு நகர விடவில்லை, வாலெல்லாம் கிழிசல். பாறைகளின் இடம் மாறினால் எல்லைக்கோடு அழிந்துபோய்ப் பழைய மீனும் புது மீனும் சமமாகத் தொடங்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை, டாம்செல் மாதிரி இடம்பிடிக்கும் மீன்களிடம் ஓரளவு வேலை செய்யும். போதாததற்குச் சுவருக்குப் பின்னால் கை நுழையாமல் மூன்று வருடக் கசடு சேர்ந்திருந்தது. சரி, இரண்டையும் ஒரே நாளில் தீர்த்துவிடலாம், நடுவில் ஒரு வளைவும் கட்டிவிடலாம் என்று ஆசை.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கினேன். வீட்டில் இருந்த உப்பு ஒரு கிலோ. லிட்டருக்கு 35 கிராம் வீதம் போட்டால் முப்பது லிட்டருக்குக்கூட வராது. தேவைப்படாது என்று நினைத்தேன், தண்ணீரையா மாற்றப் போகிறோம், பாறையைத்தானே. மீன்களை உள்ளேயே விட்டுவிட்டு, பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் நனைத்த நியூஸ்பேப்பர் மேல் வைத்தேன். மேலே ஃபேன் ஓடியது. மே மாதத்து ஹாலில் ஃபேனுக்குக் கீழே ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு மணி நேரத்தில் மேல்பக்கம் வெளுத்து உப்புப் பூத்துவிட்டது. பாறையின் மேல் ஒட்டியிருந்த சின்னச் சின்னக் கடற்பாசிகளும் புழுக்களும் செத்தது அப்போதுதான். செத்தது எல்லாம் திரும்ப உள்ளே போய் அழுகும், அழுகினால் அமோனியா. பாதிப் பாறை வெளியே வந்ததும் தண்ணீர் மட்டம் இறங்கி, பின்னால் தொங்கும் ஃபில்டர் காற்றை இழுத்துக் கரகரவென்று கத்தியது. பம்ப் எரிந்துவிடுமே என்று ஆர்ஓ தண்ணீர் ஒன்றரைக் குடம் ஊற்றினேன். நல்ல தண்ணீரை. உப்புத் தொட்டியில். வழக்கமாக ஆவியாகிக் குறைவதற்கு ஊற்றுவது நல்ல தண்ணீர்தான், கை பழகிவிட்டது. ஆனால் இது ஆவியாகிக் குறைந்தது இல்லை, பாறை வெளியே வந்ததால் இறங்கியது. பாறையைத் திரும்ப வைத்தால் மட்டம் தானாக ஏறும் என்று அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் அடிப்பாறை. பின்பக்கம் மணல் நாலு விரற்கடை உயரத்துக்கு இருந்தது, அதற்குள் பாதி புதைந்திருந்தது அந்தப் பாறை. அசைத்து இழுத்தவுடன் கீழேயிருந்து மை மாதிரி ஒரு கறுப்பு எழும்பியது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். சமையலறையிலிருந்து மனைவி, "என்னங்க, கேஸ் லீக்கா?" என்று ஓடிவந்தாள். காற்றுப் புகாத ஆழ மணலில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. மணல் கறுத்திருக்கும் இடம் எல்லாம் அதன் அடையாளம்தான். கொஞ்சம் கலந்தாலே மீனுக்கு விஷம், தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கலங்கியது கலங்கிவிட்டது, கையோடு முழுவதையும் கிளறிச் சுத்தம் பண்ணிவிடுவோம் என்று கையை முழங்கை வரை விட்டேன்.

வளைவு மூன்று முறை சரிந்தது. இரண்டாவது முறை விழுந்த கல் முன்கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டது, இன்றைக்கும் மாலை வெயில் விழும்போது தெரியும். வலது கை விரல்களில் பிரிஸில் புழு குத்தி, சப்பாத்திக்கள்ளி முள் மாதிரி கண்ணுக்குத் தெரியாத மயிர்முட்கள். கடையில் ஐசி பிடுங்கும் ட்வீசரும் டேப்பும் வைத்து எடுத்தேன், எரிச்சல் மூன்று நாள் இருந்தது. கையுறை போடாமல் பாறைக்கு அடியில் கை விடாதீர்கள். மூன்றரை மணிக்கு வளைவை விட்டுவிட்டு ஏதோ ஒரு குவியலாக எல்லாவற்றையும் உள்ளே வைத்தேன். ஊற்றியிருந்த குடத்துத் தண்ணீர் தன் கணக்கைக் காட்டியது. தொட்டி விளிம்பு வழிந்து, ஸ்டாண்டின் பின்பக்கமாக இறங்கி, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் போனது.

கரண்ட் போய்விட்டது. இங்கேதான் எனக்கு இன்னும் கூசுகிறது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, ஃபேன் ஓடியது, லைட் எரிந்தது. நம் பக்கத்தில் மே மாதம் நாலரை மணிக்குக் கரண்ட் போனால் யார் சந்தேகப்படுவார்கள்? தொட்டி லைன் இன்வெர்ட்டரில் இல்லை. கரண்ட் வரட்டும், வந்ததும் ஃபில்டர் கலங்கலைப் பிடித்துக்கொள்ளும் என்று குளித்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஆறே முக்கால் மணிக்கு அம்மாதான் வாசலிலிருந்து, "ஏண்டா, எதிர்த்த வீட்ல டிவி ஓடுது, தெருவிளக்கு எரியுது, நமக்கு மட்டும் என்ன?" என்றார். போர்டைத் திறந்தால் ஆர்சிசிபி டிரிப் ஆகியிருக்கிறது. உப்புத்தண்ணீர் பாக்ஸுக்குள் போனதால் கசிந்த மின்சாரத்தை அது வெட்டியிருக்கிறது, நல்லவேளை, இல்லையென்றால் நான் போய் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்காது. ஆனால் இரண்டேகால் மணி நேரம் அந்தக் கறுப்புத் தண்ணீரில் பம்ப் இல்லை, தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கர் இல்லை, மேலே வைத்திருந்த குட்டி ஃபேன் இல்லை. தண்ணீரின் சூடு 32. சூடு ஏற ஏறத் தண்ணீர் ஆக்சிஜனைப் பிடித்து வைக்காது, உப்புத்தண்ணீர் நல்ல தண்ணீரைவிட இன்னும் குறைவாகத்தான் பிடிக்கும். செல்போன் போர்டில் எந்த கெபாசிட்டர் ஷார்ட் என்று ஐந்து நிமிடத்தில் சொல்கிறவன், சொந்த வீட்டில் டிரிப்பைப் பார்க்கவில்லை.

எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வேறு பாக்ஸில் பம்பைப் போட்டுவிட்டு, நானும் மனைவியும் மாறி மாறிச் சொம்பால் தண்ணீரை மொண்டு, டீ ஆற்றுவது மாதிரி ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ப்ளூ டேங் என்ற மீன் பதினொரு மணிக்குப் பக்கவாட்டில் சாய்ந்தது. அதை அந்த அளவுத் தொட்டியில் வைத்திருந்ததே தப்பு, பெரிய தொட்டியில் நீந்த வேண்டிய மீன், அது தனிக் குற்ற உணர்வு. கோரல் பியூட்டி ஒரு மணிக்கு. யாரைக் காப்பாற்ற இத்தனையும் செய்தேனோ அந்த மீன். உப்பளவு பார்த்தால் 35 இருக்க வேண்டியது 32ல் நின்றது. மீன் அதைத் தாங்கிவிடும். இறால்கள் தாங்கவில்லை, விடியும்போது இரண்டும் மணலில் வெளுத்துக் கிடந்தன.

தண்ணீரில் பாதியை மாற்றினால்தான் மற்றது பிழைக்கும். உப்பு கொளத்தூரிலிருந்து பார்சலில் வர இரண்டு நாள். மூன்றரை மணிக்கு நண்பனை எழுப்பி அவன் ஆம்னியை வாங்கிக்கொண்டு, 25 லிட்டர் கேன் நான்கு போட்டு, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு விட்டேன். முப்பது கிலோமீட்டருக்குள்தான். அது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் நின்றிருந்தது, ஃபைபர் படகுக்காரர்கள் மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அலையோரத்தில் கேனை அமுக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்து, "என்ன தம்பி, கரத்தண்ணிய மொள்றீங்க? மணலும் கசண்டுமால்ல இருக்கும்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. கேன்களை வாங்கிப் படகில் போட்டுக்கொண்டு அலை தாண்டிப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். "மீனப் புடிக்கிற எங்களுக்கு இப்படி ஒரு வேல" என்றதோடு சரி, காசு வாங்க மறுத்து டீக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

கடல் தண்ணீர் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது அவசரத்துக்கு மட்டும். மே மாதம் ஆற்று முகத்துவாரங்களில் தண்ணீர் இல்லாததால் உப்பு சரியாக இருந்தது, என் ரிஃப்ராக்டோமீட்டரில் 34. இதையே ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் காவிரியின் கிளையாறுகளும் வடிகால்களும் கொண்டுவந்து கொட்டும் வெள்ளத்தில் கரையோரக் கடல் பழுப்பாக இருக்கும், உப்பும் வெகுவாக இறங்கியிருக்கும். வயலிலிருந்து வடிந்த மருந்தும் அதில்தான். எப்போது எடுத்தாலும் துணியில் வடிகட்டி, உப்பளவு பார்த்து, அப்புறம்தான் ஊற்ற வேண்டும்.

நூறு லிட்டர் மாற்றியதும் தண்ணீர் தெளிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று யார் சொன்னது? முதல் ராத்திரி கொன்றது மூச்சுத்திணறல். மூன்றாம் நாள் வந்தது அமோனியா. டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக இருக்க வேண்டியது கிளிப்பச்சை. கடல் தண்ணீரின் பிஎச் 8.2 பக்கம் இருக்கும், பிஎச்சும் சூடும் ஏறினால் அதே அளவு அமோனியா இன்னும் கொடிய விஷமாகும், ஆகவே நல்ல தண்ணீர்த் தொட்டிக்காரர்கள் "அவ்வளவு இருந்தா பரவாயில்ல" என்று சொல்லும் அளவு நமக்கு ஆகாது. அமோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் ஊற்றினேன், கார்பன் போட்டேன், ஒருநாள் விட்டு ஒருநாள் இருபது லிட்டர் மாற்றினேன், தீனியை நிறுத்தினேன். ஜோடி க்ளவுன் மீனில் ஒன்று புதன்கிழமை போனது, பிளென்னி மீன் வியாழக்கிழமை. மிஞ்சியது ஒரு க்ளவுன், மணலைத் தோண்டும் கோபி, அப்புறம் அந்த டாம்செல். அதன் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மா சொன்னதுதான் எனக்கு உறைத்தது. மாயூரநாதர் கோயிலில் திருப்பணி நடந்ததைப் பார்த்தவர். "சாமியையே அசைக்கணும்னா முதல்ல பாலாலயம் பண்ணி, சக்திய வேற எடத்துக்கு மாத்தி வச்சு, அங்க பூஜ நடந்துகிட்டு இருக்கும்போதுதான்டா இங்க கல்லத் தொடுவாங்க. நீ எடுத்த எடுப்புல மூலவரயே பேத்துட்டே." இரண்டாவது முறை செய்தபோது இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் திட்டமிட்டேன்.

அமோனியா பூஜ்யத்துக்கு வந்து ஆறு வாரம் கழித்து, ஜூலை கடைசியில் மறுபடி தொடங்கினேன். பாலாலயம் என்பது ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், 100 லிட்டர், எண்ணூறு ரூபாய். இரண்டு நாள் முன்பே அதில் உப்புக் கரைத்து, பம்ப் போட்டுச் சுற்றவிட்டு, உப்பளவும் சூடும் தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவேன். வெளியே எடுக்கும் பாறை நேராக அதற்குள் போகும், காற்றுப்படுவது கையில் இருக்கும் அரை நிமிடம்தான். ஒரு நாளைக்கு ஐந்து பாறைக்கு மேல் தொடுவதில்லை, அடுத்த கை வைப்பது இரண்டு வாரம் கழித்து. நடுவில் அமோனியா பார்க்க வேண்டும், ஏறியிருந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும். இப்படித்தான் செப்டம்பர் ஆனது. முதல் நாள் மாலையோடு தீனி கட். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் கையை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் ஏதாவது தப்பானால் பகல் முழுவதும் கையில் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு நாள் குறிக்கவும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2018 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள் என்று பார்த்தவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

மணலை இந்த முறை கிளறவே இல்லை. ஒரு பாறையை எடுத்ததும், அது இருந்த இடத்து மணலை மட்டும் டியூப் வைத்துத் தண்ணீரோடு உறிஞ்சி வாளிக்கு வெளியேற்றினேன், கறுத்த மணல் திரும்ப உள்ளே போகவில்லை. ஆழத்தை ஒரு அங்குலத்துக்குக் குறைத்துவிட்டேன். அடிப்பாறை மணல் மேல் உட்காரக் கூடாது, நேராக அடிக்கண்ணாடியில் உட்கார வேண்டும், மணல் அதைச் சுற்றி வரவேண்டும். என் கோபி மாதிரி தோண்டும் மீன் இருந்தால் மணல் மேல் வைத்த பாறை என்றைக்காவது சரியும். கண்ணாடி கீறாமல் இருக்க அடியில் டியூப்லைட் டிஃப்யூசராக வரும் கட்டம்போட்ட பிளாஸ்டிக் தட்டியை வெட்டிப் போட்டேன். பின்கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவில் என் கை நுழையும் இடைவெளி விட்டேன். கையை உள்ளே விடுவதற்கு முன் ஹீட்டர், பம்ப் எல்லாம் பிளக்கையே பிடுங்கிவிடவும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போது சுவரில், தொட்டி மட்டத்துக்கு மேலே. அதற்குப் போகும் ஒவ்வொரு வயரும் ஒரு தொங்கல் தொங்கிவிட்டு மேலே ஏறுகிறது, தண்ணீர் வழிந்து வந்தாலும் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இந்தத் தொட்டி வைக்கவே வைக்காதீர்கள்.

வளைவை உள்ளே வைத்துக் கட்டப் பார்த்ததுதான் முதல் தடவை செய்த பெரிய கோமாளித்தனம். இந்த முறை எட்டுக் கிலோ புதுச் செராமிக் பாறை வாங்கி, தொட்டியின் அளவுக்கு அட்டையில் கோடு போட்டு, மாடியில் உட்கார்ந்து கட்டினேன். இதற்குக் கடைப் பழக்கம் உதவியது. கெட்டியான ஜெல் வகை சூப்பர் குளூவைத் தடவி, பொருத்தி, இடுக்கில் காய்ந்த கோரல் மணலைத் தூவினால் அந்த நொடியே கல்லாகிவிடும். சூடாகும், ஆவி கண்ணைக் கரிக்கும், காற்றோட்டமான இடத்தில் செய்யவும். பெரிய மூட்டுகளுக்கு மட்டும் எபாக்சி. ஒருநாள் காயவிட்டு, வளைவைக் கையில் தூக்கி லேசாகக் குலுக்கிப் பார்த்தேன், அதில் உதிர்வது எதுவோ அது தொட்டிக்குள் நடுராத்திரி உதிரும். அப்புறம் மூன்று வாரம் டிரம்மில் ஊறிவிட்டு ஒரே துண்டாக உள்ளே இறங்கியது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், டாம்செல்லைப் பிடிக்கப் பாறையைத் தொட்டிருக்கவே வேண்டாம். தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, தீனி போட்டு வைத்தால் மீன் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. செலவு பூஜ்யம். ஆகஸ்டில் வைத்துப் பார்த்தேன், முதல் இரண்டு நாள் க்ளவுன் மாட்டியது, மூன்றாம் நாள் டாம்செல். பாட்டிலோடு வெளியே எடுத்து வாளியில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொளத்தூருக்கே திருப்பி அனுப்ப ஒரு ஆளும் பேசி வைத்திருந்தேன். அத்தனை பேர் செத்த தண்ணீரில் இது ஒன்று கீறல் இல்லாமல் நின்றது என்று ஒரு நினைப்பு வந்தது, திரும்ப உள்ளே ஊற்றிவிட்டேன். வளைவு இறங்கிய பத்தாவது நிமிடம் அதற்குள் போய் உட்கார்ந்தது. நீல டிரம் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. வடாம் மாவு கரைக்க அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார், கொடுக்கவில்லை.